ஒரிஜினல் சார்

பழைய வாட்ச் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மணி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மாட்டார். காதில் வைத்து டிக் டிக் கேட்கவும் மாட்டார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொள்வார். கொஞ்ச நேரம் மூச்சே விடமாட்டார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில், “சாவி மாத்தியிருக்கு” என்பார்.

எங்க தாத்தா கட்டினது சார் என்று நீங்கள் சொல்லலாம்.

“தாத்தா கட்டியிருப்பார். சாவி அவர் காலத்தது இல்லை.”

எங்கள் பக்கத்தில் இவருக்கு ஒரிஜினல் சார் என்றுதான் பெயர். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பத்திரம் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். மூலப்பத்திரம் இல்லாமல் எதையும் நம்பாத குணம், ஓய்வுக்குப் பிறகு மனையை விட்டு மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. வாங்கும் வாட்ச்சுக்கு முதல் பில், கேரண்டி அட்டை, அட்டைப்பெட்டி எல்லாம் வேண்டும். பின்மூடிக்குள் இருக்கும் எண்ணும் மெஷினில் இருக்கும் எண்ணும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். முள் அந்த வருஷத்து முள்ளாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் விற்பவரை நிமிர்ந்து பார்த்து, “அப்புறம் ஏன் விக்கறீங்க?” என்பார்.

அவருடைய பரம எதிரி ‘மும்பை ஸ்பெஷல்’. பழைய எச்.எம்.டி. மெஷினையோ ஃபேவர் லூபா மெஷினையோ எடுத்து, புதிதாக அச்சடித்த டயலைப் போட்டு, பாடியைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, ‘விண்டேஜ்’ என்று விற்கிறார்களே, அதற்குச் சேகரிப்பவர்கள் வைத்த செல்லப் பெயர். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஃபேவர் லூபா 1737-இல் பிறந்த சுவிஸ் பெயர். இந்தியாவுக்கு 1865-இலேயே வந்துவிட்டது. இரண்டும் நம் அப்பாக்களின் கையில் இருந்தவை. அந்தக் கையில் இருந்தபோது அவற்றின் டயல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ அடக்கமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. இப்போது ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் வருகின்றன.

“கிளிப்பச்சை டயல் கட்டிக்கிட்டு எந்த ஹெட் கிளார்க்காவது ஆபீஸ் போயிருப்பானா?” என்று சார் கேட்பார். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

இருட்டில் மின்னும் முள் விஷயத்தில் அவர் நியாயம் இன்னும் விசேஷம். அறுபதுகளிலிருந்து பல சுவிஸ் வாட்ச்களில் டிரிட்டியம் பூசினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் போனால் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆகவே எழுபதுகளில் செய்த வாட்ச் இன்று மின்னக் கூடாது. சார் வாட்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொள்வார். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பூரித்துப்போய் வெளியே வருவார். மின்னிவிட்டால் போச்சு, எவனோ பிற்பாடு பூசியிருக்கிறான்.

கேலி செய்வது சுலபம். ஆனால் சந்தை அவர் பக்கம் நிற்கிறது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சின் டயலைச் சுற்றியிருக்கும் ஆரம்பகால வளையத்தில் 90 என்ற எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி இருக்கும். 1970 வாக்கில் அது எண்ணின் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. மேலே புள்ளி உள்ள வளையத்துக்கு மட்டும், வாட்ச் இல்லாமலே, லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அறுபதுகளில் ரோலெக்ஸ் டேடோனாவில் ஒரு வினோதமான டயல் வந்தது, கடையில் சீந்துவாரில்லை. நடிகர் பால் நியூமன் அதைக் கட்டியதால் பிற்பாடு அவர் பெயரே அந்த டயலுக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு மனைவி வாங்கிக்கொடுத்த அந்த வாட்ச், ‘பார்த்து ஓட்டு’ என்று முதுகில் பொறித்தபடியே, 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. இதில் வயிறெரிய வேண்டியவர்கள் யார் என்றால், ஒழுங்கானவர்கள். காலாகாலத்தில் சர்வீசுக்குக் கொடுத்து, மங்கிய டயலையும் முள்ளையும் மாற்றிக்கொண்டு, பளபளவென்று வாங்கி வந்தவர்கள். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துபோன சோம்பேறியின் பிள்ளைகள் இன்று கோடீஸ்வரர்கள்.

சாரின் வாழ்நாள் மகிழ்ச்சி 2023-இல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஜெனீவா ஏலத்தில் ஒரு பழைய ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் பிராங்குக்கு மேல் விற்றிருந்தது. வாங்கியது ஒமேகா கம்பெனியே, தன் அருங்காட்சியகத்துக்காக. பிறகு பார்த்தால் அது பல வாட்ச்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கும் இதில் பங்கு என்று கம்பெனியே அறிவித்தது. அன்று சார் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எதற்கென்று கேட்டவர்களுக்கு, “பண்ணினவனுக்கே தெரியலை பாத்தீங்களா!” என்றார். பேத்தி பிறந்தபோது கொடுத்தது வெறும் சாக்லேட்.

வீட்டம்மாவுக்கு இந்தச் சாஸ்திரம் பிடிபடவில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு, பீரோவிலிருந்த வாட்ச்களை எடுத்து, வெள்ளிப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அன்று ராத்திரி சார் சாப்பிடவில்லை. ஸ்ட்ராப் மாட்டுகிற இடத்தின் விளிம்பு மழுங்கிவிட்டது என்று லென்ஸைக் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்குக் குங்குமம்தான் தெரிந்தது.

“அழுக்கை எடுத்தேன், அதுக்கு இந்த ஆட்டம்” என்றார் வீட்டம்மா.

“அது அழுக்கு இல்லைடி, பட்டினா! வயசாகி ஏறின நிறம்!”

அவர் அன்றாடம் கட்டுவது என்னவோ ஓசூரில் செய்த பேட்டரி வாட்ச்தான். அதில் என்ன பேட்டரி போட்டிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இவருக்கு மருந்து வைத்திருக்கிற ஒரே ஆள் திருவல்லிக்கேணியில் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கும் ரிப்பேர்கார பாய். போன மாதம் சார் தன் எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

“மெயின் ஸ்பிரிங் கட்டாயிடுச்சு சார். வேற போட்டாத்தான் ஓடும்.”

“அதே காலத்து ஸ்பிரிங்கா போடணும் பாய்.”

“அது டப்பாவுக்குள்ள சுருண்டு கிடக்குற சாமான். அதை யாரு சார் பாக்கப் போறா?”

“எனக்குத் தெரியுமே.”

பாய் வாதாடவில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். செத்துப்போன வாட்ச்களின் குடல் அத்தனையும் கண்ணாடிமேல் கொட்டியது. அதில் கிளறி ஒரு ஜனதா மெஷினை எடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டி, சாவி கொடுத்தார். ஓடியது.

“இது எந்த வருஷத்து மெஷின் பாய்?”

“உங்க வாட்ச்சுக்கு அண்ணன் சார்.”

சாருக்கு இதில் பாதி திருப்திதான். உடைந்த ஸ்பிரிங்கைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டார். பில் கேட்டார். பாயிடம் பில் புக் கிடையாது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இன்ன வேலை, இன்ன தொகை என்று எழுதி, தேதி போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்தார். சார் லென்ஸை எடுத்தார்.

“பாய், இதுல செல் நம்பர் இருக்கே. லேண்ட்லைன் நம்பர் போட்ட பழைய ஸ்டாம்பு ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அது எங்கே?”