மட்கார்டு அறுத்த மாவீரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தவாசல் டீக்கடை ஓரம் மட்கார்டு அறுத்த தார் ஜீப் ஒன்று நின்றால், சொந்தக்காரரைத் தேட வேண்டியதில்லை. கிளாஸும் கையுமாகத் தன் முன்சக்கரத்தையே சம்பந்தி வீட்டார் பெண் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். டிங்கர் கிரைண்டரால் அறுத்த விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு முனை பிரிந்திருக்கும். கேட்டால், “ஜவ்வாது மலை ஏறணும்ல சார்!” என்பார். அவர் அறுத்தது ஊர் பார்க்க என்பதே என் கட்சி. படவேட்டுக்கும் தார்ச்சாலை, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கோ அரசு பஸ்ஸே, கம்பெனி கொடுத்த மட்கார்டோடு, கூடை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறது.

கணக்கும் அவர் பக்கம் இல்லை. தாரோடு கம்பெனி கொடுக்கும் 255/65 ஆர்18 டயரின் உயரம் சுமார் 31 அங்குலம். 33 அங்குல டயர் போட்டால் 2 அங்குலம் கூடும். அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடுவதால் வண்டியின் அடிவயிறு உயர்வது ஒரே அங்குலம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 64-இல் ஓடும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே ஏறும் (விற்கும்போது இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை).

பாறைமேல் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, ஸ்டீயரிங்கையும் முழுக்க ஒடித்தால் டயர் தகட்டில் உரசத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான். ஐஸ்லாந்தில் பனிமேல் மிதந்து போக 38 அங்குலத்துக்கும் மேலான டயர்களைக் காற்றிறக்கி ஓட்டுகிறார்கள். அங்கே மட்கார்டை அறுப்பது பிழைப்பு. நம்மவருக்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் சந்தர்ப்பம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில்தான் வாய்க்கிறது. அவர் காசு, அவர் வண்டி, நமக்கென்ன என்றும் கேட்கலாம். மட்கார்டு அவருக்காக மட்டும் வைத்ததல்ல. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் பின்னால் டூவீலரில் குடும்பத்தோடு வருகிறவரின் முகத்தில் சேறும் சரளையும் தெறிக்காமல் இருக்கவும்தான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான்கு மட்கார்டும் சேர்ந்து ஒரு மாற்றமா, நான்கு மாற்றமா என்று அவர் டீக்கடையிலேயே வாதாடத் தயார்.

மலைக்காகத்தான் அறுத்தேன் என்று அவர் சத்தியமே செய்யட்டும். ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பியதும் கதவில் அப்பிய சேற்றைக் கழுவுகிறாரா பாருங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் நான்கு பேர் பார்த்து, “எங்கே போய் வந்தீங்க?” என்று கேட்கும்வரை வண்டிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட மாட்டார்.