தொப்புள்கொடிக் கணக்கு

ஏம்ப்பா பேராண்டி, நம்ம மைசூரு யோக நரசிம்மரைக் கும்பிட்டுட்டு வந்து நெத்தியில குங்குமம் கூடக் காயலை, அதுக்குள்ள புலம்பலா? “தாத்தா, விஜயநகர்ல எங்க திரும்புனாலும் வெளிநாட்டுக்காரன், நாடே நிறைஞ்சுபோச்சு”ங்கிற. கோகுலம் பக்கம் யோகாப் பாயைச் சுருட்டி முதுகுல மாட்டிக்கிட்டு ஸ்கூட்டர்ல போற நாலு வெள்ளைக்காரப் பிள்ளைங்களை எண்ணிட்டு நாட்டுக்கே கணக்கு எழுதிட்ட! மழை பெஞ்ச அன்னைக்கு எண்ணுனா ஊர்ல மனுசனை விடத் தவளைதான் அதிகம் இருக்கும். அந்த யோகாப் பிள்ளைங்க பாவம், மூச்சை இழுத்து விட்டுட்டு ரெண்டு மூணு மாசத்துல ஊரு திரும்பிரும்.

நீ படிச்சவன், நான் தேயிலை கிள்ளுனவன். இருந்தாலும் கேளு. வேற நாட்டுல பொறந்து இந்தியாவுல வாழுறவங்க 1990ல சுமார் 75 லட்சம் பேருன்னு ஐ.நா. சொல்லுச்சு. 2020ல அது 49 லட்சம். நாட்டு ஜனம் பெருகப் பெருக இந்தக் கூட்டம் சிறுத்துக்கிட்டே வந்திருக்கு. விரட்டியா விட்டோம்? பிரிவினையில மூட்டை கட்டிக்கிட்டு வந்தவங்க ஒவ்வொருத்தரா கண்ணை மூடிட்டாங்க. அவங்க பிள்ளைங்க இங்க பொறந்ததுங்க, அந்தக் கணக்குல ஏறாதுங்க.

நம்ம பைலகுப்பேயையே பாரு. 1961 வாக்குல வந்த திபெத்துக்காரங்க காட்டைத் திருத்தி மக்காச்சோளம் போட்டாங்க. இன்னைக்கு அங்கேயே பொறந்த பேரப்பிள்ளைங்க கன்னடத்துல பேரம் பேசுதுங்க. முகம் அதே முகம், கணக்குதான் வேற. தொப்புள்கொடியை எங்க அறுத்தாங்கங்கிறது தானப்பா கேள்வி!

சரி, நீ கனடாவுக்கு மனு போட்டிருக்கியே, அந்த ஊரு சமாச்சாரம் தெரியுமா? 1921ல அங்க 100க்கு 22 பேரு வெளிநாட்டுல பொறந்தவங்க. 1951ல 15க்கும் கீழ இறங்குச்சு. 2021ல 23. கதவை ஒருக்களிச்சா குறையும், திறந்துவிட்டா கூடும். நீ போய் இறங்குனதும் அங்க ஒரு பேராண்டி, “தாத்தா, எங்க திரும்புனாலும் இந்தியாக்காரன்”னு அழுவான். அழத்தானே செய்வான்? 2020ல வெளிநாட்டுல குடியிருந்த நம்ம ஆளுங்க 1 கோடியே 80 லட்சம் பேரு, உலகத்துலயே முதல் இடம். வந்தவனை விரல் விட்டு எண்ணுறவன், போனவனை மட்டும் மறந்துடுறான்!

ஒரு யோசனை சொல்றேன். 2027 கணக்கெடுப்புக்கு ஆளு வந்தா, வெளிநாட்டுக்காரனைத் தெருவுல தேடாத. உங்க வீட்டு ஈசி சேர்லயே படுத்திருப்பான். நான் பொறந்தது இலங்கையில அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம். 1964ல அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து, எங்க தோட்டத்து ஜனத்தை 5,25,000 பேரு உனக்கு, 3,00,000 பேரு எனக்கு, மிச்சத்தைப் பிறகு பாத்துக்கலாம்னு ஆட்டுப்பட்டி பிரிச்சாங்க. தலைமன்னாருக்குக் கோச்சி வண்டி, அங்கேருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், கடைசியில கூடலூர் டேன்டீ தேயிலைத் தோட்டம். அங்க எனக்குப் பேரு கள்ளத்தோணி, இங்க சிலோன்காரன். பேரு வச்சவன் ஒருத்தனும் சோறு போடலை.

அதனால வர்ற அம்மா “பொறந்த இடம்?”னு கேட்டா ஒளிக்காம அட்டன்னு சொல்லு. அடுத்த கணக்கெடுப்புக்குள்ள இங்க ஒண்ணு குறையும், அங்க டொராண்டோவுல ஒண்ணு கூடும். நம்ம வீட்டுக் கணக்கு நேரா இருக்கும்.

வெத்தலைப் பெட்டியை எடு.