ஒழுக்கு நிபுணர்

ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிப்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒழுக்கைப் பற்றி உபதேசிப்பவரைத் தரிசிக்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்குத்தான் வரவேண்டும். ஜூன் பிறக்கும்போது இடவப்பாதி, ஐப்பசியில் இடியும் மின்னலுமாகத் துலாவர்ஷம் என்று கூரைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை பரீட்சை நடக்கும் இந்நகரத்தில், கரமனை அக்கிரகாரத்து ஓட்டு வீடு ஒன்றில் எந்தப் பெண்மணியாவது அடுக்களையிலிருந்து உருளியை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாளானால், அதில் விழுந்த முதற்சொட்டின் நாதம் அடங்குமுன், கக்கத்தில் குடையும் காதில் பென்சிலுமாக, யாரும் அழையாமலே வந்து நிற்பார் நம் கதாநாயகர்.

சர்க்காரில் மராமத்து இலாகாவிலிருந்து பென்ஷன் பெற்றவர். முப்பது வருஷம் அங்கே அவர் கட்டியது கட்டடங்களை அல்ல, காகிதங்களை என்பது வேறு விஷயம்.

வந்தவர் ஏணி கேட்கமாட்டார், காப்பி கேட்பார். அது வரும்வரை, சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நட்சத்திர பங்களா என்னும் வானாராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்ததிலிருந்து ஆரம்பித்து, சிஷோம் துரையின் திட்டப்படி 1880-இல் எழுந்த மியூசியத்தின் கூரைச் சரிவை வியந்து, அதன் கோணத்துக்கும் நம் வீட்டுக் கோணத்துக்கும் உள்ள தாரதம்மியத்தைக் காற்றில் பென்சிலால் வரைந்து காட்டுவார். உருளி அதற்குள் பாதி நிறைந்திருக்கும்.

அவர் கூற்றில் உண்மையே இல்லையென்று சொன்னால் நாவுக்குத் தோஷம். "சொட்டு விழற இடம் வேறே, ஓட்டை இருக்கற இடம் வேறேயாக்கும்" என்பது அவருடைய மகாவாக்கியம். அது முழுக்க முழுக்கச் சத்தியம். உள்ளே நுழைந்த நீர், கைமரத்தின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு நாலடி, ஐந்தடி சாவகாசமாக நடந்து, ஒரு முடிச்சிலோ பூட்டிலோ தடுக்கிய பிறகே கீழே குதிக்கிறது. இந்தச் சத்தியத்தில் ஒரு சௌகரியம் என்னவென்றால், ஓட்டை எங்கேதான் இருக்கிறது என்று சொல்லவேண்டிய சிரமம் அவருக்கு ஏற்படுவதே இல்லை.

சென்ற வருஷம் எங்கள் வீட்டு முற்றத்தைச் சுற்றி, நாலு சரிவுகளின் நீரையும் ஏந்தி ஓடும் தகரப் பாத்தியின் மூலையருகே ஒழுகியபோது, அவர் ஓட்டின்மீதும், பிறகு சுவரின்மீதும், இறுதியில் அடுத்த வீட்டுப் பலாமரத்தின்மீதும் குற்றஞ்சாட்டி, அன்றாடம் ஒரு சித்தாந்தமாக ஒரு வாரத்தைப் போக்கினார். எட்டாம் நாள் வெயில் அடித்தது. மேஸ்திரி வந்தார், வாய் திறக்கவில்லை. பாத்தியில் மக்கிக் கிடந்த பலாச்சருகை வாரி எறிந்தார். நீர் இறங்கும் குழாயைத் துணியால் அடைத்தார். இரண்டு குடம் நீரை மேலிருந்து ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"தோ, அந்த ஆணிகிட்டேயாக்கும் சாமி."

அது செம்பாணி. நாலு வருஷத்துக்கு முன்பு, இரும்பாணி துருப்பிடிக்கும் என்று எச்சரித்து, சாலைக் கடைத்தெருவுக்கு என்னையே அனுப்பி வாங்கிவரச் செய்து, தம் மேற்பார்வையில் நம் நிபுணர் அடிப்பித்த ஆணி. செம்பும் நாகப்பூச்சுத் தகரமும் ஈரத்தில் ஒட்டி வாழ்ந்தால், செம்பு சௌக்கியமாக இருக்கும்; பூச்சைத் தின்று, பிறகு தகரத்தையும் தின்றுவிடும். அப்படியே நடந்திருந்தது.

மேஸ்திரி ஆணியைப் பிடுங்கி, புதுத் தகரத் துண்டு வைத்து, ஈயம் பற்றவைத்து, மேலே கீல் தடவி, அரை மணியில் வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போனார். நிபுணரோ, முற்றத்தில் கிடந்த ஆணியைப் பொறுக்கி, வேஷ்டித் தலைப்பால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பார்த்தேளா! ஒரு பொட்டுத் துரு இருக்கா?"