கொழுக்கட்டை மேல்மாவின் விரிசலும் கெட்டிலின் பங்கும்: கெலாங் பாத்தாவை முன்வைத்து ஓர் ஆய்வு

கொழுக்கட்டையைப் பற்றி அறிஞர் பெருமக்கள் வாதிட்டதெல்லாம் பூரணத்தைப் பற்றித்தான். தேங்காயா எள்ளா, வெல்லமா குலா மெலாக்காவா என்ற பூசல் இன்றும் ஓயவில்லை. மேல்மாவோ கேட்பாரற்றுக் கிடக்கிறது. வெடித்துப்போனால் மட்டுமே வீட்டில் அதன் பேச்சு எழும். எழுந்த வேகத்தில் குற்றவாளியும் அகப்பட்டுவிடுவார். அரிசி சரியில்லை, விலை ஏறியதிலிருந்து மாவில் கலப்படம், இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக மாவு பிசைந்தவருக்குக் கைராசி இல்லை. ஜொகூரின் தென்மேற்கில், சிங்கப்பூரின் துவாசுக்குப் போகும் இரண்டாவது பாலத்தை ஒட்டியிருக்கும் கெலாங் பாத்தாவைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: மேற்படி நால்வரும் நிரபராதிகள். குற்றம் கெட்டிலுடையது.

முதலில் மாவின் தரப்பைக் கேட்போம். கோதுமையில் பசையம் உண்டு. பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலும் இழுபடும். அரிசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே பிசின், வெந்த மாவுச்சத்து. சூட்டில் மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி ஊதி, உள்ளிருப்பதைக் கசியவிட்டுக் கூழாகின்றன. அந்தக் கூழ்தான் வேகாத மிச்ச மாவையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கிறது. இது எந்தச் சூட்டில் நடக்கும் என்பது அரிசிக்கு அரிசி மாறும். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 70 டிகிரிக்குக் கீழே வேகத் தொடங்குவதைக் கீழ்வகுப்பு என்றும், 70 முதல் 74 வரை இடைவகுப்பு என்றும், அதற்கு மேல் உயர்வகுப்பு என்றும் அரிசிகளைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆக, பிசைந்த மாவின் சூடு 75 டிகிரியைத் தாண்டியதா இல்லையா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மானம் தொங்குகிறது.

இனி கணக்கு. ஒரு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை நீர் என்பது வழக்கமான அளவு. எடையில் பார்த்தால் நீர் மாவைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் மாவின்மேல் தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றினால் கலவை 85 டிகிரியில் வந்து நிற்கும். நீர் 90 டிகிரிக்கு ஆறியிருந்தால் கலவை 77. நீர் 85 என்றால் 73. இவை பாத்திரமும் கரண்டியும் எதையும் திருடவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட தாராளக் கணக்கு. திருட்டையும் கழித்தால் கடைசி எண் இன்னும் இறங்கிவிடும். கெட்டில் ‘டக்’கென்று அணைந்த பிறகு உப்பு டப்பாவைத் தேடி, நல்லெண்ணெய் மூடியைத் திறந்து, வாசலில் வந்து நின்ற பொட்டலக்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர் ஊற்றுவது வெந்நீர் என்பதில் ஐயமில்லை. அது கொதிநீர் இல்லை. பொத்தானை அமுக்கினால் நீர் கொட்டும் மின்சார ஃபிளாஸ்க்கைக் கேட்கவே வேண்டாம். பல வீடுகளில் அது நீரை நாள் முழுக்க 90 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்துக்கொண்டு, எப்போதும் தயார் என்று பச்சை விளக்கும் காட்டிக்கொண்டிருக்கும்.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. மதுரைக்காஞ்சியில், நள்ளிரவு மதுரையில், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தை விற்பவர்கள் உட்கார்ந்தபடியே உறங்குகிறார்கள். வெடித்த மோதகத்தை ஊருக்கு விற்றவருக்கு அப்படி உறக்கம் வருமா என்று கேட்டால் இலக்கிய ஆய்வாளர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும், வரட்டும். மலாயாவின் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும் மாவு விறகடுப்பில்தான் வெந்தது. சட்டி அடுப்பிலேயே இருக்கும், நீர் கொதித்துக்கொண்டே இருக்கும், மாவைத் தூவிக் கரண்டிக் காம்பால் கிளறுவார்கள். நெருப்பு, இழந்த சூட்டை உடனுக்குடன் ஈடுகட்டியது. 1955-இல் இங்கிலாந்தின் ரசல் ஹாப்ஸ் நிறுவனம் கே1 என்ற கெட்டிலைக் கொண்டுவந்தபோதுதான் இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. நீராவி பட்டதும் ஓர் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். தேநீர் குடிக்கும் சமுதாயத்துக்கு அது பெரிய வசதி. கொழுக்கட்டை பிடிக்கும் சமுதாயத்தை அந்தப் பொறியாளர்கள் கருத்தில் கொள்ளவில்லை.

அரிசிக் கட்சியினர் இதை ஒப்பமாட்டார்கள். ஊரில் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, வறுத்த மாவு எங்கே, பொட்டல மாவு எங்கே என்பார்கள். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்ததையும், அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி மலேசியாவின் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியதையும், அந்த மாதமே விநாயகர் சதுர்த்தி வந்ததையும் சேர்த்து ஒரு சதிக்கோட்பாடே கட்டலாம். ஆனால் இங்கே கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எராவான் மாவு தாய்லாந்திலிருந்து வருகிறது. இந்தியத் தடை அதைத் தொடவில்லை. (யானைமுகனுக்குப் படைக்கும் பண்டத்தின் மாவுப் பொட்டலத்தில் மூன்று தலை யானை இருப்பதை இறையியலாளர் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.) அந்தப் பொட்டலத்தால் வேறொரு விபத்து நேர்வதுண்டு. சிவப்பு எழுத்து அரிசி மாவு, பச்சை எழுத்து புளுட் என்னும் ஒட்டரிசி மாவு. யானை இரண்டிலும் ஒன்றே. அவசரத்தில் பச்சையை எடுத்தவருக்குக் கிடைப்பது வெடிப்பே இல்லாத, உருவமும் இல்லாத, இட்லித்தட்டில் படர்ந்து கிடக்கும் ஒன்று. அது தனி நோய். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். வறுத்த மாவின் பெருமையை மட்டும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் பாதி சூட்டினுடையது என்பேன். வாணலியிலிருந்து இறக்கி 60 டிகிரியில் இருக்கும் மாவின்மேல் 85 டிகிரி நீரை ஊற்றினாலும் கலவை 80-ஐ நெருங்கிவிடும். பாட்டிமார் மாவை வறுத்த கையோடு பிசைந்தபோது, கணக்கு எழுதாமலே இந்த ஏழு டிகிரியைச் சம்பாதித்துக்கொண்டார்கள்.

காற்றின் ஈரத்தைக் குறை சொல்பவர்களுக்குப் பதில் எளிது. காற்றால் மேல்மாவு வெடிப்பதென்றால் அது காய்வதால்தான். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே, நீரிணையை ஒட்டிய ஊரில் எதுவும் அவ்வளவு விரைவாகக் காய்ந்துவிடாது, துவைத்த துணி உட்பட. ஈரம் இங்கே சொப்பு செய்பவருக்குத் துணை. அந்தத் துணையை விரட்டுவது தலைக்குமேல் சுழலும் மின்விசிறிதான்; அதை உடந்தைக் குற்றவாளியாகச் சேர்க்க எனக்கு ஆட்சேபமில்லை, மாவின்மேல் ஈரத்துணி போட்டால் அது ஜாமீனில் போய்விடும். உயரத்தைக் காரணம் காட்டும் வாய்ப்பும் கெலாங் பாத்தாவுக்கு இல்லை. கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அங்குள்ளவர்கள் கொழுக்கட்டை வெடித்தால் மலைமேல் பழிபோடலாம். கடல் மட்டத்தில் வாழ்பவர்களுக்கு 100 டிகிரி முழுதாகக் கிடைக்கிறது.

இன்னொரு தடை சற்றுக் கூர்மையானது: எப்படியும் ஆவியில் வேகப்போகிற மாவு முன்கூட்டியே வெந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன? இட்லிச்சட்டிக்குள் மாவு வேகும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது அதைப் பிசைய அங்கே கை இல்லை. வேகாத மணிகள் பக்கத்து மாவிலிருந்து நீரை இழுத்து ஊதுகின்றன. சொப்பின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறல் வாய் பிளக்கிறது. உருகிய பூரணம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இதே சிக்கலை ஜொகூரின் இன்னொரு சமூகம் நம்மிடம் கேட்காமலே தீர்த்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்கு வந்த தியோச்சூ சீனர்கள், மூங்கில் குருத்தும் செங்குவாங்கும் உள்ளே வைத்து சூன் குவே என்று அவிப்பது, உறவுமுறையில் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் மேல்தோலும் அரிசி மாவு, அதற்கும் கொதிநீர். கூடவே மரவள்ளி மாவு கொஞ்சம். மரவள்ளி இழுவையைத் தரும், பளபளப்பையும் தரும். அதை நாமும் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாமே என்பவர்களை நான் கண்டிக்கவில்லை. ஆனாலும் அது கெட்டிலுக்கு மன்னிப்பு வழங்குவதாகும். நோயை விட்டுவிட்டு இருமலுக்கு மருந்து கொடுக்கும் வேலை.

கைராசி என்ற கோட்பாடு மட்டும் பதில் சொல்லிப் பயனில்லாதது, ஏனெனில் அதை எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க முடியாது. அதற்குப் பதில் நாட்காட்டியைப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்தி மலேசியாவில் பொது விடுமுறை இல்லை, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் இல்லை. 2024-இல் அது சனிக்கிழமை வந்தது; ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025-இல் புதன்கிழமை. விடியுமுன் துவாசுக்கு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட வேண்டிய வீட்டில், புதன்கிழமை அதிகாலையில், அடுப்பில் சட்டி வைத்து நீர் கொதிக்கக் காத்திருப்பார்களா, கெட்டிலைத் தட்டுவார்களா? கைராசிக்காரர்களின் கோட்பாட்டில் சனிக்கும் புதனுக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. என் கோட்பாட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் களத்தில் அளக்க முயலும் ஆய்வாளருக்கு ஒரு முறையியல் எச்சரிக்கை. படையலில் வைக்கப்படுவது தேர்ந்தெடுத்த மாதிரி. வெடித்தவை அடுப்படியிலேயே பிடித்தவர் வாய்க்குள் போய்விடும்; மோசமாக வெடித்தவை பூரணத்தோடு சேர்த்துப் பிசையப்பட்டு, முதலிலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டதுபோலப் பிடிகொழுக்கட்டையாக வெளிவரும். எனவே சாமி முன்னால் நின்று எண்ணுவதில் பயனில்லை. இட்லிச்சட்டியைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். பரிகாரம் என்று கேட்டால், கெட்டில் நீரைச் சட்டியில் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றி, உப்பும் எண்ணெயும் அதிலேயே சேர்த்து, கொதி அடங்காமல் மாவைக் கொட்டிக் கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைவதுதான். அப்படியானால் கெட்டிலை ஏன் வாங்கினோம் என்று கேட்பவர்களுக்கு: மைலோ கலக்க 85 டிகிரி தாராளம்.