பெரியவனுக்கும் ஒரு நியாயம் உண்டு!

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வயது சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. போன வாரம் ஒரு நாட்டுக்குட்டியைத் தத்தெடுத்தோம். அது கிட்டே வந்தாலே பெரியவன் உறுமுகிறான். அதட்டினாலும் அடங்கவில்லை. என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அதட்டுவதை நிறுத்துங்கள். இத்தனை வருஷம் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கேட்காமல் கொள்ளாமல் தம்பியைக் கொண்டுவந்து இறக்கினால் கோபம் வராதா! உறுமல் என்பது ‘தள்ளிப் போ’ என்கிற எச்சரிக்கை. திட்டி அதை அடக்கினால், நாளைக்கு எச்சரிக்காமலே கடித்துவிடலாம்.

சண்டை பல நேரம் சோற்றுத் தட்டில் தொடங்கும். இரண்டுக்கும் தனித்தனி அறையில் சோறு வையுங்கள். எலும்பு, பந்து எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிடுங்கள். பெரியவன் படுக்கும் மூலைக்குக் குட்டி போகக் கூடாது. சந்திப்பை மொட்டை மாடியில் வையுங்கள். ஆளுக்கொரு நாயைப் பிடித்து, கயிற்றைத் தளர்வாக விட்டு, இடைவெளியோடு நடத்துங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.

பெரியவனைக் கவனியுங்கள். உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் கொட்டாமல் முறைத்தால் உடனே பிரித்துவிடுங்கள். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. குட்டி பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் பெரியவனுக்குப் பிடித்த தீனி கொடுங்கள்.

சில வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கடித்துக் காயமானால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் அவசரப்படாதீர்கள்!