மூவர் கணக்கு

ஜடேஜா, சாம் கரன் இருவரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியதே சி.எஸ்.கே... லாபம் யாருக்கு?
– வாசகர், கொடும்பாளூர்

உங்கள் ஊர் மூவர் கோவிலைப் பாருங்கள். மூன்று கோவில்களில் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். 2025 நவம்பரில் கைமாறிய இந்த மூவரிலும், நிற்கிற இரண்டு ஆல்ரவுண்டர்கள் ராஜஸ்தானுக்கு. சென்னைக்குக் கிடைத்தது அடித்தளம். அப்போதே தோனிக்கு வயது 44. அவருக்குப் பின் கீப்பர் வேண்டாமா? சஞ்சுவுக்கு அப்போது 31தான், மேலே கட்டலாம். அதனால் லாபம் சென்னைக்கே.

ஆனால், ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியதை மனசு ஏற்கவில்லை. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸர், பவுண்டரி அடித்த கைக்கு அது குறைவு.