சர்வருக்குள் ஒருவன்

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடும் ஆட்டங்கள் என்று சொல்லிவிட்டது. ஆன்லைன் ஆட்டக் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் சங்கடம். அதுவரை போக்கரில் தோற்றால் "நேரம் சரியில்ல" என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். திறமை என்றான பிறகு பழி போட ஒரே இடம்தான் மிச்சம்: சர்வர்.

அதற்காக நிறையப் படித்தேன். சின்னமனூர் டீக்கடையில் யாராவது "என்ன மாப்ள, நேத்தும் போச்சா?" என்றால் 1999-லிருந்து ஆரம்பிப்பேன். அந்த வருஷம் ஒரு ஆன்லைன் போக்கர் தளத்தில் சீட்டுக் கலைக்கும் நிரலை அமெரிக்காவில் சிலர் பிரித்துப் பார்த்தார்கள். 52 சீட்டை அடுக்கும் விதங்களை எழுதினால் 68 இலக்கம் வரும். அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஓடியிருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கலைத்தது. ஆக மொத்தம் 8.64 கோடி அடுக்குதான். கையில் இருக்கும் இரண்டும் மேசையில் விழும் மூன்றும் தெரிந்தால், மிச்சம் எல்லார் சீட்டையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். நான் இந்த இடத்துக்கு வருவதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார்.

அடுத்து அப்சல்யூட் போக்கர் என்ற தளம், 2007. 'பாட்ரிப்பர்' என்ற பெயரில் ஒருவன் கையில் ஒரு ஜோடிகூட இல்லாமல் மொத்தப் பணத்துக்கும் துணிந்து ஜெயித்தான். தோற்றவர் ஆட்ட விவரம் கேட்டார். கம்பெனி அனுப்பிய எக்செல் கோப்பில் எல்லாருடைய சீட்டும் இருந்தது. தோண்டியபோது, எல்லார் சீட்டையும் பார்க்கிற ஒரு கணக்கு கம்பெனிக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. 2013-ல் பார்சிலோனா ஓட்டல் அறையில் பின்லாந்து ஆட்டக்காரர் யென்ஸ் கில்லோனனின் லேப்டாப் காணாமல் போய்த் திரும்பி வந்தது. எஃப்-செக்யூர் நிறுவனம் பார்த்தபோது, அவர் திரையை வேறொருவர் பார்க்க வழி செய்யும் டிரோஜன் உள்ளே இருந்தது.

எல்லாம் நடந்தவைதான். ஆனால் என் 50 ரூபாய் மேசைக்காக பார்சிலோனாக்காரன் கம்பம் பக்கம் வர வேண்டுமென்றால் குமுளி பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டும்.

இத்தனை தெரிந்தவனின் பாஸ்வேர்டு 'பன்னீர்123'. பேங்க், ஈபி பில், போக்கர், எல்லாவற்றுக்கும் அதுவே. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தில் 'பன்னீர்2023' என்று பலப்படுத்தினேன்.

அப்போதுதான் டெலிகிராமில் ஒருவர் 'எதிராளி சீட்டைக் காட்டும் ஆப்' ஒன்றை அனுப்பினார். 499 ரூபாய். பாட்ரிப்பரை அத்தனை நாள் திட்டியவன், நானே பாட்ரிப்பர் ஆகலாம் என்றதும் யோசிக்கவில்லை. எஸ்எம்எஸ் படிக்கணும் என்றது, திரையைப் பார்க்கணும் என்றது. கேட்டதற்கெல்லாம் 'அலோவ்' அமுக்கினேன். அதன் பிறகு தோல்வி வேகம் பிடித்தது. நான் நல்ல சீட்டு எடுத்தால் மேசையில் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். பொய்க்குப் பந்தயம் ஏற்றினால் கூட்டமாக வருவார்கள்.

உத்தமபாளையம் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மருமகன் போனை வாங்கிப் பார்த்தான். "மாமா, இது அடுத்தவங்க சீட்டக் காட்டல. உங்க சீட்டத்தான் யாருக்கோ காட்டிக்கிட்டு இருக்கு."

2015-ல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த 'ஓட்லனோர்' இதே ஜாதி. போக்கர் உதவி மென்பொருளுக்குள் ஒளிந்து வந்து, ஏற்றியவன் சீட்டையே படம் எடுத்து அனுப்பும். அதையும் நான் படித்திருந்தேன். டீக்கடையில் சொல்லியுமிருந்தேன். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க என்றான் மருமகன். போட்டால் என்ன ஆப் என்று கேட்பார்கள். அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்க வாங்கினேன் என்று சைபர் கிரைமுக்கு எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

(என் சீட்டைத் தெரிந்துகொள்ள மென்பொருளே வீண், முகமே காட்டிவிடும். என் தோட்டத்தில் காய் பறிக்கிற சமயம் மேகம் கூடினால் திராட்சை வியாபாரி தோட்டத்தைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். கிலோவுக்கு அஞ்சு ரூபாய் அங்கேயே இறங்கிவிடும்.)

2025 பிப்ரவரியில் தமிழக அரசு விதி போட்டது: பணம் வைத்து ஆட ஆதாரும் ஓடிபியும் வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு. என் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரம்மா நம்பர்.

"ஏங்க, ஆதார்னு ஏதோ நம்பர் வந்துருக்கு, என்னத்துக்கு?"

"பட்டா விஷயமா இருக்கும்."

"ராத்திரி பத்தரை மணிக்கு எந்த விஏஓ பட்டா குடுக்குறாரு?"

எந்த ஆன்டி-வைரஸும் இப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு ஆட்டம் இல்லை.

ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தையே சட்டம் போட்டு நிறுத்தியது. இப்போது இலவசக் காயினில் ஆடுகிறேன். அதிலும் போகிறது. "பைசா பெறாத காயினுக்காக எந்த ஹேக்கர் மாமா மெனக்கெடுவான்?" என்று மருமகன் கேட்டான்.

"புதுசா தொழில் பழகுறவனா இருக்கும்டா" என்றேன்.